தேதியை யார் எழுதுவது?

2023 பிப்ரவரியில் க்ரோம் பிரவுசரின் 110ஆம் பதிப்பு வந்தது. அதையடுத்துச் சில இணையதளங்களில், நேரம் காட்ட வேண்டிய இடத்தில் ‘இன்வேலிட் டேட்’ என்ற வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது. செல்லாத தேதி என்று பொருள். அந்தத் தளங்களின் நிரலில் யாரும் கை வைக்கவில்லை. பிரவுசர் எழுதிக் கொடுத்த ‘10:30 பிஎம்’ என்பதை முந்தைய நாளோடு ஒப்பிட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. மாறியிருந்தது, 10:30க்கும் பிஎம்முக்கும் நடுவிலிருந்த வெற்றிடம்.

உலக மொழிகளில் தேதி, நேரம், எண், நாணயம் இவற்றை எப்படி எழுதுவது என்ற விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு. சிஎல்டிஆர் என்பார்கள். யூனிகோட் கூட்டமைப்பு அதைப் பராமரிக்கிறது. போன், பிரவுசர், ஜாவா என்று ஏறக்குறைய எல்லாம் மாதப் பெயரை அங்கிருந்துதான் எடுக்கின்றன. 2022 அக்டோபரில் வந்த அதன் 42ஆம் பதிப்பு, ஆங்கில நேரத்தில் இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி முறியாத மெல்லிய இடைவெளி ஒன்றை வைத்தது. 10:30 ஒரு வரியின் கடைசியிலும் பிஎம் அடுத்த வரியின் தலையிலும் போய் நிற்கக் கூடாது என்பது நோக்கம். அச்சுக் கோத்துப் பழகியவர்கள் இதைக் கைதட்டி வரவேற்பார்கள். ஆனால் பிரவுசர் எழுதிய வாசகத்தையே திரும்ப எடுத்துத் தேதியாகப் படித்துக்கொண்டிருந்த நிரல்கள் பழைய இடைவெளியைத் தேடின, கிடைக்கவில்லை, கையை விரித்துவிட்டன. 2023 மார்ச்சில் ஜாவா 20 வந்தபோது இதே குழப்பம் அங்கும் நடந்தது. க்ரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தைச் செய்பவர்கள், கூச்சல் தாங்காமல் பழைய இடைவெளியையே திருப்பிப் போட்டார்கள்.

என் கட்சி மெல்லிய இடைவெளியின் கட்சி. கண்ணுக்காக எழுதப்பட்ட ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டதுதான் பிழை. பல மொழிகளில் இயங்கும் தளங்களில் இந்தப் பிழைக்கு விதை பெரும்பாலும் பிரவுசருக்கு வெகுதூரத்தில், சர்வரில் ஏபிஐ விடை தயாராகும் இடத்தில் விழுகிறது.

ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கும் வாசல். கொழும்பிலிருந்து சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியாகும் ஒரு செய்தித்தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வாசகரின் போனில் இருக்கும் ஆப் சர்வரிடம் ஒரு கட்டுரையைக் கேட்கிறது. தலைப்பு, எழுதியவர் பெயர், உள்ளடக்கம் எல்லாம் வருகின்றன. வெளியான தேதியும் வருகிறது. அது எந்த உருவத்தில் வர வேண்டும்?

‘5 மார்ச், 2024’ என்று எழுதியே அனுப்பிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். தமிழ் கேட்டால் தமிழ், சிங்களம் கேட்டால் சிங்களம். ஆப் எழுதுபவருக்கு ஒரு வேலையும் இல்லை, வந்ததை அப்படியே ஒட்ட வேண்டியதுதான். ஆறு மாதம் எல்லாம் சுகமாகப் போகும். பிறகு ஒருவர் வந்து கட்டுரைகளைத் தேதி வாரியாக அடுக்கச் சொல்வார். ‘ஏப்ரல்’ அகர வரிசையில் ‘ஜனவரி’க்கு முன்னால் வந்து நிற்கும். இன்னொருவர் ‘மூன்று நாட்களுக்கு முன்’ என்று காட்டச் சொல்வார். மூன்றாமவர் சிறிய திரையில் இடம் போதவில்லை, ஆண்டை எடுத்துவிடுங்கள் என்பார். சிங்களத்தில் ஆண்டு முதலில் வரும், பிறகு மாதம், கடைசியில் நாள். தமிழில் கடைசி நான்கு இலக்கத்தை வெட்டினால் போதும் என்று எழுதிய நிரல், சிங்களத்தில் ஆண்டை விட்டுவிட்டு மாதத்தைக் கடித்துவைக்கும். எழுதி முடித்த வாசகத்தைப் பிரித்துப் பொருள் எடுக்கும் வேலை இப்படித்தான் ஒவ்வொரு ஆப்பிலும் நுழைகிறது. அதன் கடைசிக் கட்டம்தான் 2023இல் நாம் பார்த்த செல்லாத தேதி.

ஆகவே எழுதாமல் அனுப்ப வேண்டும். அதற்கான உருவம் வெகுநாட்களாகத் தயாராக இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் 1988இல் வந்தது. அதன் தேவையான பகுதியை மட்டும் இணையத்துக்கென்று இறுக்கிச் சொன்னது 2002 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 3339. முதலில் 2024-03-05 என்று நாள், பிறகு ‘டி’ என்ற ஆங்கில எழுத்து, பிறகு 09:00:00 என்று நேரம், கடைசியில் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் ‘இசட்’. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவதால் வெறும் எழுத்தாக அடுக்கினாலும் கால வரிசை கெடாது. எந்த மொழியும் இல்லாததால் எல்லா மொழிக்கும் பொது. இதை வாங்கிக்கொண்டு தமிழிலோ சிங்களத்திலோ எழுதும் திறமை பிரவுசருக்கே உண்டு. அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் தரம் 2012 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது.

பெரும்பாலான கையேடுகள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். எனக்கு விஷயம் இங்கேதான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. ஏனென்றால் ‘தேதி’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது ஒரே பொருள் இல்லை.

2024இல் மகா சிவராத்திரி மார்ச் 8. நமது தளம் விழாக்களின் பட்டியலில் இதை 2024-03-08 என்று மட்டும் அனுப்புகிறது. தரமான உருவம், குறை சொல்ல ஒன்றுமில்லை. டொராண்டோவில் ஒருவர் பட்டியலைத் திறக்கிறார். சிவராத்திரி மார்ச் 7 என்று இருக்கிறது. நேரம் இல்லாமல் நாள் மட்டும் வந்தால், அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டின் விதி. அந்த நள்ளிரவில் டொராண்டோவில் முந்தைய நாள் மாலை ஏழு மணி. நிரல் எழுதியவர் கொழும்பிலோ சென்னையிலோ இருந்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது, நமக்கு அப்போது காலை ஐந்தரை, அதே நாள். புகார் வந்தாலும் ‘என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது’ என்பார், பொய்யில்லை. சிவராத்திரி, பிறந்த நாள், பாஸ்போர்ட் காலாவதி ஆகியவை காலண்டரில் இருக்கும் கட்டங்கள், கடிகாரத்தின் நொடிகள் இல்லை. அவற்றை நேர மண்டலத்துக்குள் தள்ளவே கூடாது. ஒரு புலத்தில் இருப்பது நொடியா, கட்டமா என்பதை ஏபிஐயின் ஆவணம் சொல்லியாக வேண்டும்.

வேர்ட்பிரஸ்ஸின் ஏபிஐ இதில் ஒரு வேடிக்கையான சமரசம் செய்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு புலங்கள் தருகிறது. ஒன்று தளத்தின் உள்ளூர் நேரம், மற்றொன்று கிரீன்விச் நேரம். இரண்டின் வாலிலும் மண்டலக் குறி கிடையாது. புலத்தின் பெயரைப் படித்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் எடுத்து ஆப்பில் போட்டுவிட்டால், அது வாசகர் இருக்கும் ஊரின் நேரமாக வேஷம் போட்டு உலவும்.

மூன்றாவது வகை இன்னும் வம்பு பிடித்தது: இனி வரப்போகும் உள்ளூர் நேரம். இதற்கு இலங்கையைவிட நல்ல பாடம் கிடைக்காது. மின்சாரத்தைச் சேமிக்க 1996 மே 25 அன்று நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஐந்தரை மணி வித்தியாசம் ஆறரையானது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி குறைத்து ஆறாக்கினார்கள். 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் ஐந்தரை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஒரே தீவில் பத்தாண்டுக் காலம் இரண்டு கடிகாரங்கள் ஓடின. இந்த மாற்றங்களையெல்லாம் ஊர் வாரியாகக் குறித்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒற்றைப் பெயர்தான். 1999இல் புலிகளின் பகுதியாக இருந்த கிளிநொச்சியில் ஒரு கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஆவணக் காப்பகத்தின் ஏபிஐயைக் கேட்டால் அது கொழும்பின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும்.

2006 மார்ச்சில் ஒருவர், ஏப்ரல் 20 மாலை ஆறு மணிக்குக் கொழும்பில் கச்சேரி என்று பதிந்தார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் அன்றைய ஆறு மணி வித்தியாசத்தைக் கழித்து, பொது நேரம் பன்னிரண்டு என்று சேமிக்கிறது. ஏப்ரல் 15இல் கடிகாரம் மாறுகிறது. அதன்பின் அந்தப் பன்னிரண்டு, கொழும்பில் ஐந்தரையாகத் தெரியும். பாடகர் ஆறு மணிக்குத்தான் வருவார். எல்லாவற்றையும் பொது நேரத்தில் சேமியுங்கள் என்ற பிரபலமான அறிவுரை கடந்த காலத்துக்குப் பொருந்தும், எதிர்காலத்துக்குப் பொருந்தாது. கச்சேரிக்குச் சேமிக்க வேண்டியது ‘கொழும்பில் மாலை ஆறு’ என்பதுதான்: உள்ளூர் நேரமும் ஊரின் பெயரும். நேரத்தின் பின்னால் மண்டலத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குள் ஒட்டி அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 9557 தரமாக்கியிருக்கிறது. அது வெளியானது 2024இல்தான்.

மொழிக்கு வருவோம். வாசகருக்கு எந்த மொழி வேண்டும் என்பதைப் பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் ‘அக்செப்ட்-லேங்குவேஜ்’ என்ற வரியில் சொல்லிவிடும். சர்வர் அதைப் பார்த்து நடந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. தமிழ் படிப்பவர்களில் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று சுற்றிலும் பார்த்தாலே போதும். அவர்களுடைய போன் ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்று சொல்லும், பக்கம் தமிழில் இருக்கும், தேதி மட்டும் 3/5/2024 என்று மாதம் முன்னால் வந்து நிற்கும். படிப்பவர் மே மாதம் மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொள்வார். தேதியின் மொழி பக்கத்தின் மொழியைப் பின்தொடர வேண்டும், போனின் மொழியை அல்ல. மொழிக் குறியை முகவரியிலேயே வெளிப்படையாகச் சேர்த்து அனுப்புவது நல்லது. இதில் தற்காலிகச் சேமிப்பின் தொல்லையும் தீரும். இடையில் இருக்கும் சேமிப்புச் சர்வருக்கு, விடை மொழிக்கு மொழி மாறும் என்று ‘வேரி’ என்ற தலைப்பில் சொல்ல மறந்தால், முதலில் கேட்டவர் சிங்களக்காரராக இருந்தால் அடுத்து வரும் தமிழருக்கும் சிங்களத் தேதிதான்.

கேட்ட மொழி சர்வரிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் சத்தமே இருக்காது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ், 2019 அக்டோபரில் 13ஆம் பதிப்பு வரும்வரை, இயல்பாக ஆங்கிலத் தரவை மட்டுமே சுமந்து வந்தது. தமிழில் எழுது என்று கேட்டால் பிழைச் செய்தி எதுவும் தராமல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடும். அபிவிருத்திக் கணினியில் தமிழ், சர்வரில் ஆங்கிலம். காரணம் தேடி ஓர் இரவைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி தமிழ். களஞ்சியத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு நாட்டுப் பதிவுகள் இருக்கின்றன. இலங்கைப் பதிவு நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுகிறது. மாதப் பெயர்களை மட்டும் பொதுத் தமிழிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்து வாசகருக்கும் ‘அக்டோபர்’தான் வரும். அவர் பள்ளியில் படித்ததும் நாளிதழில் பார்ப்பதும் ‘ஒக்டோபர்’. ‘பெப்ரவரி’, ‘செப்டெம்பர்’, ‘திகதி’ எல்லாம் இதே கதை. எந்த நிரலாளரும் தவறு செய்யவில்லை. யாரும் அந்தப் பதிவுக்குள் ஈழத்து வழக்கை எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். களஞ்சியம் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. திருத்தங்களை முன்மொழியவும் வழி உண்டு. அதுவரை இலங்கைத் தளங்கள் மாதப் பெயர்களைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏபிஐ தேதியை எழுதாமல் அனுப்பினால் இதைச் செய்ய முடியும். எழுதி அனுப்பினால் ‘அக்டோபர்’ தலையில் கட்டப்பட்டுவிடும்.

நேரத்திலும் ஒரு நெருடல். முற்பகல், பிற்பகல் என்ற இரண்டே பிரிவுகளைத்தான் பல பதிப்புகளாகக் களஞ்சியம் ஏஎம், பிஎம் இடத்தில் வைத்திருந்தது. ‘பிற்பகல் 9:30’க்குப் படம் பார்க்கப் போனேன் என்று எந்தத் தமிழர் சொல்வார்? நமக்கு அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு வேண்டும். இந்தப் பொழுதுகளும் களஞ்சியத்தில் தனியாக இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும். ஆனால் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை ‘அந்தி மாலை’ என்று வகுத்திருக்கிறார்கள். எட்டரைக் காட்சியை அந்தி மாலைக் காட்சி என்று எழுதும் துணிச்சல் எனக்கில்லை.

மாதப் பெயர் தேதிக்குள் வரும்போது உருமாறாமல் இருப்பது நமக்குக் கிடைத்த சலுகை. ரஷ்ய மொழியில் தனியாக நின்றால் ‘மார்த்’, நாளோடு சேர்ந்தால் ‘மார்தா’. கட்டலான் மொழியில் மாதத்துக்கு முன்னால் வரும் இடைச்சொல் உயிரெழுத்தைக் கண்டால் சுருங்கிக்கொள்ளும். நமது சிக்கல் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வெளியானது’ என்று எழுதிவிட்டுப் பின்னால் தேதியை ஒட்டுவார்கள். தமிழாக்கும்போது அது ‘… அன்று வெளியானது’ என்றாகும். புள்ளிகளின் இடத்தில் மார்ச் 5 வந்தால் சரி. களஞ்சியம் புத்திசாலித்தனமாக ‘நேற்று’ என்று கொடுத்துவிட்டால் ‘நேற்று அன்று வெளியானது’. மாதம் மட்டும் வந்தால் ‘மார்ச் 2024 அன்று வெளியானது’. வேற்றுமை உருபையும் சொல்லுருபையும் சட்டகத்தில் ஆணியடித்து வைத்துவிட்டு நடுவில் தேதியை மாற்றும் முறை தமிழில் ஓடாது. ‘முதல்’, ‘வரை’ என்ற இரண்டும் எதன் பின்னாலும் உறுத்தாமல் நிற்கும். மற்ற இடங்களில் ‘வெளியான நாள்:’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்வதே உத்தமம். இதற்கு மாறாகத் தமிழுக்கு ஒரு கொடையும் உண்டு. ‘நேற்று முன் தினம்’, ‘நாளை மறுநாள்’ ஆகியவற்றைக் களஞ்சியம் அறியும். ஆங்கிலம் அங்கே இரண்டு நாட்களுக்கு முன் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் சர்வர் தேதியை எழுதவே கூடாதா? எழுத வேண்டிய இடங்கள் உண்டு. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ரசீது, போனில் வந்து விழும் அறிவிப்பு இவற்றில் மறுமுனையில் எழுதிக்கொள்ள நிரல் இல்லை. அங்கே சர்வர் வாசகரின் மொழியையும் ஊரையும் தெரிந்துகொண்டு முழுதாக எழுத வேண்டும். இணையப் பக்கத்தையே சர்வர் தயாரித்து அனுப்பும்போது இரண்டும் தேவைப்படும். பொது நேரத்தில் ஓடும் சர்வர் ‘மார்ச் 4’ என்று எழுதி, வாசகரின் பிரவுசர் அதையே ‘மார்ச் 5’ என்று திருத்தும்போது பக்கம் ஒரு கணம் துடிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். எச்டிஎம்எல்லில் இருக்கும் ‘டைம்’ என்ற குறி இதற்கு அடக்கமான தீர்வு. இயந்திரத்துக்கான உருவம் குறியின் பண்பில் மறைந்திருக்கும், மனிதருக்கான வாசகம் உள்ளே தெரியும். ஏபிஐயிலும் இதே போல இரு புலங்கள் தரலாம். காட்டுவதற்கான புலத்தை எவரும் திரும்பப் படிக்க மாட்டார்கள் என்று நம்ப முடிந்தால் தரலாம். எனக்கு அந்த நம்பிக்கை குறைவு.

மொழியை மட்டும் மாற்றினேன், ஆண்டே மாறிவிட்டது என்ற அனுபவமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் தாய்லாந்துத் தாய் மொழியைக் கேட்டால் 2024 வராது, புத்த ஆண்டு 2567 வரும். ஈரானின் பாரசீகத்தைக் கேட்டால் 2024 மார்ச் 5, 1402ஆம் ஆண்டு எஸ்பந்த் மாதம் 15 ஆகிவிடும். ஜப்பானில் 2019 ஏப்ரல் 1 அன்று ‘ரெய்வா’ என்ற புதிய சகாப்தத்தின் பெயரை அறிவித்தார்கள். மே 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயருக்கான ஒரே ஓர் எழுத்தைச் சேர்க்க யூனிகோட் 12.1 என்று தனிப் பதிப்பே போட வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு 1957 மார்ச் 22இல் ஏற்கப்பட்ட சக ஆண்டு தேசிய நாட்காட்டி களஞ்சியத்தில் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

எல்லோரும் பார்க்கும் தமிழ் நாட்காட்டி அங்கே இல்லை. எழுத்துகள் இருக்கின்றன: ௵, ௴, ௳ என்று ஆண்டு, மாதம், நாளுக்கான நம் பழைய குறிகள் 2003இல் யூனிகோடுக்குள் வந்துவிட்டன. கணக்குதான் வரவில்லை. தமிழக அரசாணைகள் ஆங்கிலத் தேதிக்கு அருகில் தமிழ் ஆண்டின் பெயர், தமிழ் மாதம், நாள், திருவள்ளுவர் ஆண்டு ஆகியவற்றையும் அச்சிடுகின்றன. அப்படி ஒரு தேதியை ஏபிஐ தர வேண்டும் என்றால் பிரவுசரை நம்பிப் பயனில்லை, சர்வர்தான் எழுத வேண்டும். திருவள்ளுவர் ஆண்டுக்கு 31ஐக் கூட்டினால் போதும் என்று தொடங்குவார்கள். அந்த ஆண்டு தை முதல் நாளில் பிறப்பதால் ஜனவரியின் முதல் இரண்டு வாரத்துக்கு 30தான் கூட்ட வேண்டும். சுழலும் அறுபது பெயர்களில் ‘குரோதி’ 1964இலும் வந்தது, 2024இலும் வந்தது, பெயரை மட்டும் சேமித்தால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். மாதப் பிறப்பு இன்னும் நுட்பமானது. சூரியன் ராசி மாறும் கணம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே முதல் நாள், பின்னால் வந்தால் மறுநாள். அஸ்தமனம் ஊருக்கு ஊர் வேறு. அந்தக் கணமும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. இலங்கை நாளிதழ்கள் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டின்படியும் போடுவது இதனால்தான். தமிழ்த் தேதி தரும் ஏபிஐ விடையில் நாள், மாதம், ஆண்டு ஆகிய புலங்களோடு ‘ஊர்’ என்று ஒன்றும் ‘பஞ்சாங்கம்’ என்று ஒன்றும் வேண்டியிருக்கும்.